நாற்பத்தொரு வயதில் ஒருவரும் இல்லை

மின்வாரியத்தில் ஓய்வு பெற்றபின் சமூகவியல் ஆய்வுக்குச் சேர்ந்தவர் பொன்னுரங்கம். வயது அறுபத்து மூன்று. அவருடைய நெறியாளர் இமாக்குலேட்டுக்கு முப்பத்தாறு. ஆகவே அவர் இவரை சார் என்பார், இவர் அவரை மேடம் என்பார்.

வெள்ளிக்கிழமையோடு பதிவுக் காலம் முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டில் மேடத்தின் கையெழுத்து விழாவிட்டால் ஐந்து வருட உழைப்பு வீண். செவ்வாய் பிற்பகல் கடைசி அத்தியாயத்தைக் கொண்டுபோய் வைத்தார்.

"கொடையும் கருவுறுதலும்" என்று அதன் தலைப்பை வாசித்துவிட்டு இமாக்குலேட் நிமிர்ந்தார். "என்ன சார் இது?"

"என் கண்டுபிடிப்பு மேடம்."

நாற்பது ஆண்டுகளுக்கு முன் மேலப்பொட்டல் என்ற ஊரில் அரசு எடுத்த கணக்கெடுப்பு. ஆயிரத்து நூற்று நாற்பது பேர். பொன்னுரங்கம் அந்த ஊருக்குப் போனதில்லை. தேவைப்படவில்லை. பட்டியல் நூலகத்திலேயே இருந்தது.

"முப்பது வயசுல எழுபது பேர். முப்பத்தஞ்சுல அறுபத்தெட்டு. நாப்பதுல எழுபத்தொண்ணு. நாப்பத்தொண்ணுல ஒருத்தர்கூட இல்லை மேடம்."

"அதனால?"

"அந்த ஊர்ல அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம்தான் கொடை, அம்மன் கோயில் திருவிழா. வெளியூர் வேலைக்குப் போனவங்க அப்பதான் வருவாங்க. பத்து மாசம் கழிச்சுப் பிறப்பு."

"நடுவுல நாலு வருஷம்?"

"கட்டுப்பாடு."

இமாக்குலேட் பக்கங்களைப் புரட்டினார். "சின்னப் பிள்ளைங்க எல்லா வயசுலயும் இருக்காங்களே சார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

"அது மட்டும் ஒத்து வரலை மேடம். அடிக்குறிப்புல போட்டுட்டேன்."

இமாக்குலேட் சிரிக்கவில்லை. மறுத்தும் பேசவில்லை. வாசலோரம் மேசையில் கிடந்த ஆய்வாளர் வருகைப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். பொன்னுரங்கம் எடுத்துவந்தார்.

"உங்க பேருக்கு நேரா வாசிங்க."

"வந்த நேரம் பத்து. போன நேரம் அஞ்சு."

"நேத்து?"

"பத்து. அஞ்சு."

"போன மாசம் பெரிய மழை பெஞ்சுதே, அன்னைக்கு?"

அவர் தேடிப் பார்த்தார். "பத்து. அஞ்சு."

"இன்னைக்கு எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"பஸ்ஸு வரலை மேடம். பதினொண்ணே முக்கால் இருக்கும்."

"அஞ்சு மணிக்குப் போயிட்டதா வேற இருக்கு. இப்ப மணி மூணு. நீங்க என் முன்னாடி உட்கார்ந்திருக்கீங்க."

"வந்தவுடனே ரெண்டையும் சேர்த்துப் போட்டுடுறதுதான். எல்லாரும் அப்படித்தான் மேடம்."

"நாப்பது வருஷம் கழிச்சு ஒருத்தர் இந்த நோட்டை மட்டும் வச்சு ஆராய்ச்சி பண்ணினா என்ன எழுதுவார்?"

பொன்னுரங்கம் யோசித்தார். ஐந்து வருடப் பயிற்சி வீண்போகவில்லை. "இந்த ஊர்ல பஸ்ஸெல்லாம் நேரத்துக்கு ஓடுச்சுன்னு எழுதுவார்."

"மழை நாள்ல?"

"அதுக்கும் ஒரு காரணம் கண்டு..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. மேலப்பொட்டலில் கணக்கெடுக்க வந்த ஒரு வாத்தியார் வெயிலில் படிவத்தோடு நிற்பது கண்முன் தெரிந்தது. உனக்கு என்ன வயசு? எனக்கென்னய்யா தெரியும், நீங்களே பார்த்துப் போடுங்க. நாப்பது போட்டுக்கவா? போட்டுக்கோங்க. பிள்ளைக்கு? அது போன ஆடிக்கு முந்தின ஆடியில பிறந்தது.

பொன்னுரங்கத்தின் சொந்த அம்மாவுக்கு ரேஷன் கார்டில் எண்பது வயது. அந்த எண்பதைக் குத்துமதிப்பாகப் போட்டவரும் அவரேதான்.

பதிவேட்டிலிருந்து நிமிர்ந்தார். "அப்ப அந்த வயசெல்லாம் பொய். ஊருக்கே போய்க் கேட்டிருக்கணும்."

"இனி யாரைப் போய்க் கேட்பீங்க? அந்த நாப்பது வயசுக்காரங்க முக்கால்வாசிப் பேர் செத்திருப்பாங்க."

"அப்ப இந்த அட்டவணையெல்லாம் கிழிச்சுப் போட்டுடவா மேடம்? வெள்ளிக்கிழமைக்கு வேற என்னத்தைக் கொடுப்பேன்?"

இமாக்குலேட் பதிவேட்டை மூடி அவர் பக்கம் தள்ளினார்.

"ஒரு எண்ணையும் தொடாதீங்க சார். இந்தத் துறையில யாரும் கடிகாரம் பார்த்துக் கையெழுத்துப் போடுறதில்லைங்கிறதுக்கு இந்த நோட்டைவிட நல்ல சாட்சி எங்க கிடைக்கும்? உங்க அட்டவணையும் அந்த மாதிரி ஒரு சாட்சிதான்."

பொன்னுரங்கம் காகிதக் கட்டோடு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்து, அத்தியாயத்தின் தலைப்பை மட்டும் கோடு போட்டு அடித்தார்.