கோமளாவுக்கு ஒரு கம்ப்யூட்டர்

“டீச்சர், என் பட்ஜெட்டுக்கு எந்த பிராசஸர் எடுக்கலாம்?” என்று கேட்டார் முனிரத்தினம்.

ஒசூர் பஜாரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில், நஸீமா கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கற்றுக்கொடுத்தாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் படிக்க வந்த இடம் என்பதால் அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

“யாருக்குண்ணா?”

“என் வீட்டுக்காரம்மாவுக்கு.”

கோமளாவுக்குத் தசைகள் ஒவ்வொன்றாக அடங்கிப்போகும் நோய். பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. அது நின்றுபோகும், அப்புறம் கை நின்றுபோகும், கண் மட்டும் கடைசிவரை அசையும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கண் எந்த எழுத்தைப் பார்க்கிறது என்று கேமரா கண்டுபிடிக்கும். எழுத்துகள் சேர்ந்தால் கம்ப்யூட்டர் அதை வாய்விட்டுச் சொல்லும். அப்படி ஒன்றைத் தன் கையாலேயே செய்து கொடுக்கத்தான் அவர் மாடியேறி வந்தார்.

“பெரிய பிராசஸர் எடுத்தா கேமராவுக்குப் பத்தல டீச்சர். கேமராவ நல்லதா எடுத்தா ரேம் குறையுது.”

நஸீமா அலமாரியைத் திறந்தாள். பழைய மதர்போர்டு ஒன்றை எடுத்து அட்டைப்பெட்டியின் மேல் வைத்தாள். வயர்களைச் சொருகினாள். பவர் பட்டன் மாட்ட வேண்டிய இரண்டு முள்ளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் சேர்த்துத் தொட்டாள்.

மானிட்டரில் வெளிச்சம் வந்தது.

“இதுக்கு கேபினெட்டே இல்லையே டீச்சர்.”

“ஓடுதா?”

“ஓடுது. ஆனா எத்தன நாளைக்குத் தாங்கும்?”

அவள் சுவிட்சை அணைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனாள்.

முனிரத்தினம் கியர் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பல்சக்கரத்தில் மயிரிழை குறை இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். குறையோடு ஒரு பொருளை மனைவியின் முன்னால் வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

ஆடித் தள்ளுபடியில் விலை கேட்டார். தீபாவளிக்கு இன்னும் இறங்கும் என்றார்கள்.

தீபாவளிக்குப் போனார். பொங்கலுக்குப் புது மாடல் என்றார்கள்.

ஒரு காலையில் கோமளா ஏதோ சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னாள். கழுத்து நரம்பு புடைக்க மூன்றாம் முறையும் சொன்னாள்.

“சரி சரி, செஞ்சிடலாம்” என்றார்.

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குப் பிறகு பேச முயலவில்லை.

கார்த்திகை தீபத்துக்கு வாசலில் விளக்கு வைத்துவிட்டு அவர் உள்ளே வந்தபோது, அவளுடைய வலது கையும் போர்வையின் மேல் அப்படியே கிடந்தது.

மாசியில் மறுபடி மாடியேறினார்.

“கையும் போயிடுச்சு டீச்சர். இனிமே கண்ணு ஒண்ணுதான். அதனால இதுல தப்பே வரக்கூடாது. பங்குனியில ஒரு கார்டு வருதாம். பொறுத்தே எடுத்திடறேன்.”

“அதுவரைக்கும்?”

“சமாளிக்கறேன். பசிக்குதா, தாகமா, வலிக்குதான்னு கேப்பேன். ஆமான்னா கண்ண மூடுவா.”

“நீங்க கேக்காதது ஒண்ண அவங்க சொல்லணும்னா?”

 

நஸீமா எழுந்தாள். வகுப்புக்கு வருகிறவர்கள் பழகும் கம்ப்யூட்டரின் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அலமாரியிலிருந்து ஒரு சின்ன கேமராவை எடுத்தாள்.

“டீச்சர், இது ரொம்பப் பழசு. ஸ்லோவா இருக்கும்.”

“மானிட்டர நீங்க தூக்குங்க.”

ஆட்டோவில் மானிட்டரை அவர் மடியில் வைத்துக்கொண்டார்.

கட்டிலின் கால்மாட்டில் மேசையை இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் இணைத்தார்கள். திரையில் எழுத்துகள் வந்தன. கேமராவை நிமிர்த்தி, சாய்த்து, மறுபடி நிமிர்த்தினாள் நஸீமா.

“அக்கா, எழுத்தப் பாருங்க. அது பிடிக்கிற வரைக்கும் பார்த்துட்டே இருங்க.”

கோமளாவின் கண் நகர்ந்தது. கம்ப்யூட்டர் தப்பான எழுத்தைப் பிடித்தது. அழித்தார்கள். மறுபடியும் தப்பு.

“நான் அப்பவே சொன்னேன்ல…” என்று முனிரத்தினம் ஆரம்பித்தார்.

நஸீமா கையைத் தூக்கி அவரை நிறுத்தினாள்.

கண் மெதுவாக ஊர்ந்தது. ஓர் எழுத்து விழுந்தது. நெடுநேரம் கழித்து இன்னொன்று. கோமளாவின் நெற்றி சுருங்கி விரிந்தது.

கடைசியில், யாரோ ஒரு பெண்ணின் குரலில், ஏற்ற இறக்கமில்லாமல், கம்ப்யூட்டர் பேசியது.

“ஃபேன் நிறுத்து. குளிருது.”

கொசு உட்கார்ந்தால் அவளால் விரட்ட முடியாதே என்று, கட்டிலுக்கு நேர் மேலே இரவும் பகலும் அதை ஓடவிட்டிருந்தவர் அவர்தான்.

முனிரத்தினம் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். இறக்கைகள் சுற்றி, தளர்ந்து, நின்றன.

கட்டிலருகே வந்து முட்டிபோட்டு, அவளுடைய பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். சில்லிட்டிருந்தது. இரண்டு உள்ளங்கைகளாலும் அதைப் பொத்திக்கொண்டார்.

“எப்பலேருந்து கோமளா?”

அவள் கண் அவர் முகத்திலிருந்து விலகித் திரைக்குப் போனது. அவர் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மார்கழி” என்றது அந்தக் குரல்.