கேட்டதை மட்டும் காட்டும் பெட்டி

அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே சொல்கிறேன், கேளுங்கள்.

கோரைக்குளத்தின் இந்தக் கரையில் கொழுந்து என்று ஒரு முயல் இருந்தாள். வாயில்லாப் பூச்சி. நாலு பேர் நிற்கிற இடத்தில் அவள் காது மட்டும்தான் வெளியே தெரியும். அவள் புருஷன் தவிடன். நல்லவன்தான், ஆனால் அவசரக்காரன். அவர்களுக்கு ஆறு குட்டிகள்.

எதிர்க்கரைக்கு முயல்கரை என்று பெயர். அங்கே கொழுந்தின் அக்கா பஞ்சு இருந்தாள். பஞ்சுவின் புருஷனைப் பருந்து தூக்கிப் போய்விட்டது. முதல் ஈற்றும் தங்கவில்லை. இப்போது மறுபடி நிறைமாதம். பிறந்த வீட்டு உறவில் அக்காவுக்குத் தங்கையையும் தங்கைக்கு அக்காவையும் விட்டால் வேறு நாதி இல்லை.

ஐப்பசி பிறந்தால் குளம் நிறைந்துவிடும். முயலுக்கு நீந்த வராது. கரையைச் சுற்றிப் போனால் ஒரு பகல் ஆகும். ஆனாலும் இரண்டு கரைக்கும் பேச்சு இருந்தது. அதற்குக் காரணம் வரியன் என்கிற அணில். அவன்தான் கேபிள்காரன்! மரத்துக்கு மரம், கிளைக்குக் கிளை ஒயர் இழுத்து, குளத்தைச் சுற்றி எல்லா வளைக்கும் பொந்துக்கும் டிவி கொடுத்திருந்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு அவனே குளத்துச் செய்தி போடுவான். கீழே எழுத்து ஓடும். யார் வீட்டில் குட்டி பிறந்தது, எந்தப் பக்கம் பாம்பு நடமாட்டம், யார் செத்துப்போனார்கள், எல்லாம் அதில் வரும். குளத்தில் ஒரு துக்கம் என்றால் யாரும் ஆள் விட்டுச் சொல்வதில்லை. "கேபிளில் போட்டாச்சு" என்றால் சொன்ன மாதிரிதான்.

மழைக்கு முன்னால் கொழுந்து அக்காவைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"வலி எடுத்தா வரியன்கிட்ட சொல்லிப் போடச் சொல்றேன்டி. பார்த்ததும் கிளம்பிடு. போன தடவை மாதிரி தனியா கிடக்க என்னால முடியாது" என்றாள் பஞ்சு.

"நீ கூப்பிடு அக்கா, பறந்து வரேன்!"

"முயலுக்கு ஏதுடி இறக்கை! நடந்து வா, போதும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மழை வந்தது. மழை வந்தால் வரியனின் கேபிளுக்குச் சளி பிடித்துக்கொள்ளும். படம் கட்டம் கட்டமாக உடையும். தவிடன் ஓட்டப்பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயிக்கிற நேரத்தில் படம் நின்றுவிட்டது.

"சீ! இது ஒரு கேபிளா! ஊரே நெட் பெட்டிக்கு மாறியாச்சு. நாம மட்டும் இந்த அணில் வாலைப் பிடிச்சுத் தொங்கறோம்! கிளம்பு புள்ள!"

குரங்கு வாலப்பன் கடைக்குப் போனார்கள். வாலப்பன் மூன்று சாமானை எடுத்து வரிசையாக வைத்தான்.

"இது குச்சி. டிவி பின்னாடி சொருகினா போதும். இது பெட்டி. ரிமோட்ல பேசினா காது கொடுத்துக் கேட்கும். இது டிவியே புதுசு, எல்லாம் வயித்துக்குள்ளேயே இருக்கு. எது வேணும்?"

"குச்சிக்கும் பெட்டிக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டான் தவிடன்.

"குச்சி நின்னு நின்னு யோசிக்கும். பெட்டி டக்குன்னு காட்டும். உங்க புதர்ல நெட் இருக்கா?"

"பக்கத்துப் புதர்ல கீரி வெச்சிருக்கான். பாதி எங்க வளைக்கு வருது."

"அப்போ கவலையே இல்லை! நீ கேட்டதை மட்டும் காட்டும். கேட்காத ஒண்ணு குறுக்கே வராது. விளம்பரம் இல்லை, கீழே ஓடுற எழுத்து இல்லை, தொந்தரவே இல்லை!"

கொழுந்து தவிடன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே கேட்டாள்.

"அண்ணே... நம்ம குளத்துச் செய்தி..."

"என்னம்மா? வாயில வெத்தலையா? சத்தமா பேசு!"

கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கொழுந்தின் காது இரண்டும் மடங்கிவிட்டன.

"குளத்துச் செய்தி இதுல வருமா?"

"அட, உலகமே வருது, உன் குளம் வராதா? வாயைத் திறந்து கேளு, வரும்!"

வளையில் இருந்த கிழங்கையெல்லாம் கொடுத்துப் பெட்டியை வாங்கி வந்தார்கள். குட்டிகள் குதித்தன. தவிடன் கேபிள் ஒயரைக் கையில் எடுத்தான்.

"என்னங்க, அதுவும் ஒரு ஓரமா இருக்கட்டுமே. அக்காவுக்கு..."

"ஒரு வளைக்கு ரெண்டு எதுக்கு? கேட்டா வரும்னு வாலப்பன் சொன்னான்ல?"

"வரியன் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டாவது..."

"சொன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவான். எனக்குச் சங்கடமா இருக்கும். சொல்ல வேண்டாம், விடு!"

தவிடன் ஒயரைப் பல்லால் நறுக்கென்று கடித்தான். வரியன் கண்ணில் படாதபடி நுனியைப் புதருக்குள் செருகிவிட்டான். கொழுந்து குட்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் ஆறு மணிக்கு அவள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ரிமோட்டை எடுத்தாள். மைக் பொத்தானை அமுக்கி மெல்லிய குரலில், "முயல்கரை செய்தி" என்றாள்.

பெட்டி யோசித்தது. பிறகு பெரிய எழுத்தில் காட்டியது: "முயல் கறி செய்வது எப்படி?"

ஒரு மனிதன் கத்தியோடு வந்து நின்றான். "முதலில் சின்ன வெங்காயத்தை உரித்துக்கொள்ளுங்கள்" என்றான்.

குட்டிகள் அலறிக்கொண்டு மூலைக்கு ஓடின! கடைக்குட்டி மயங்கியே விழுந்துவிட்டது. தவிடன் பாய்ந்து வந்து பெட்டியை நிறுத்தினான்.

"அறிவிருக்கா உனக்கு? பேசத் தெரியலைன்னா பேசாம இரு! இனிமே நீ ரிமோட்டைத் தொடாதே!"

கொழுந்து அதற்குப் பிறகு தொடவில்லை. 'அக்காவுக்கு இன்னும் நாள் இருக்கும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 'மழை விட்டதும் ஒரு நடை போய்ப் பார்த்துவிடலாம்' என்று நினைத்துக்கொண்டாள்.

மழை விடவில்லை. அடைமழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில்தான் பஞ்சுவுக்கு வலி எடுத்தது.

வரியன் கேபிளில் போட்டான். "முயல்கரை பஞ்சுவுக்கு வலி எடுத்துவிட்டது. தங்கை கொழுந்து உடனே வரவும்."

இந்தச் செய்தி தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும் என்று அவன் நனைந்துகொண்டே கிளை கிளையாகத் தாவினான். விட்டுப்போன இணைப்பையெல்லாம் முறுக்கிக் கட்டினான். மழைக்காலத்தில் கேபிள் இவ்வளவு துல்லியமாக என்றுமே வந்ததில்லை.

கொழுந்தின் வளையில் குட்டிகள் கார்ட்டூன் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.

இரண்டாம் நாள் எழுத்து ஓடியது. "பஞ்சு கேட்கிறாள்: கிளம்பிவிட்டாயா?"

தவிடன் ஓட்டப்பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தான். படம் உடையவே இல்லை. "பார்த்தியா புள்ள, கண்ணாடி மாதிரி இருக்கு!" என்றான்.

மூன்றாம் நாள் இப்படி ஓடியது. "பஞ்சு சொல்கிறாள்: பள்ளத்து வழியாக வராதே, தண்ணீர் நிற்கிறது. மேட்டு வழியாக மெதுவாக வா."

இந்தக் கரையில் கேபிள் வைத்திருந்த மற்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ஆனால் மழைக்கு யாரும் வெளியே தலை நீட்டவில்லை. "அவ அக்கா செய்தி, அவ பார்க்காமலா இருப்பா! இந்நேரம் பாதி வழி போயிருப்பா" என்று இருந்துவிட்டார்கள்.

நான்காம் நாள் பஞ்சுவின் படம் வந்தது. படத்தைச் சுற்றி மாலை இருந்தது.

ஐந்தாம் நாள் மழை விட்டது. வரியன் நேராகக் கொழுந்தின் வளைக்கு வந்தான். வாசலில் நின்று உள்ளே வரமாட்டேன் என்றான். அவன் வால் ஈரத்தில் கயிறு மாதிரி தொங்கியது.

"நீ எல்லாம் ஒரு பிறவியா கொழுந்து? உன்னைச் சாதுன்னு நினைச்சேனே!"

"என்னண்ணே? என்ன சொல்றீங்க?"

"மூணு நாள் ஓட்டினேன்! கூடப் பிறந்தவ கூப்பிட்டும் போகலை. சரி, செத்த பிறகாவது முகம் பார்க்கப் போனியா? படம் போட்டேனே, அதுவும் கண்ணுல படலையா?"

"யாரு படம் அண்ணே?"

வரியன் அவள் முகத்தைப் பார்த்தான். அப்புறம் வளைக்குள் எட்டிப் பார்த்தான். பெட்டி தெரிந்தது. ஒயர் தெரியவில்லை. புதரை விலக்கினான். பல் பட்ட நுனி அங்கே கிடந்தது.

அவன் கோபமெல்லாம் போய்விட்டது. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஓடி வந்து கூப்பிட்டிருப்பேனே தங்கச்சி! நீ பார்க்கிறேன்னு நம்பி இல்ல ஓட்டினேன்! உன் அக்காவும் அதைத்தானே நம்பினா!"

தவிடன் தலையைக் குனிந்துகொண்டான். கொழுந்து வாசலைத் தாண்டிப் பாய்ந்தாள். அப்படியே ஓடினாள். மேட்டு வழி எது, பள்ளத்து வழி எது என்று பார்க்காமல் ஓடினாள்.

அவள் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அக்காவின் வளையை மண் போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்து வளை முயல் ஒருத்தி மூன்று பச்சைக் குட்டிகளைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். கண் திறக்காத குட்டிகள்.

"நீதான் தங்கச்சியா?" என்றாள் அவள்.

கொழுந்து தலையசைத்தாள்.

"கேபிள்ல பார்த்தேன், தங்கச்சி வந்திருப்பான்னு இருந்துட்டேன். நேத்துத்தான் மனசு கேட்காம ஓடி வந்தேன். வளைக்குள்ள ஈரம். அவ மேல இருந்த முடியெல்லாம் பிடுங்கிக் குட்டிங்களுக்குப் போர்த்தியிருந்தா. அவ உடம்புல ஒண்ணும் இல்லை. பக்கத்துல படுத்துச் சூடு கொடுக்க ஒருத்தி இருந்திருந்தா பிழைச்சிருப்பா. 'யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே'ன்னு கேட்டேன். 'என் தங்கச்சி நடந்து வந்துக்கிட்டிருக்கா, வேற யாரும் எதுக்கு'ன்னா."

கொழுந்து மண்ணைத் தொட்டாள். அழுகை வரவில்லை. "அவ என்னைத் திட்டினாளா?" என்று கேட்டாள்.

"இல்லைம்மா. வழியில உனக்கு ஏதாவது ஆயிருக்குமோன்னுதான் பயந்தா."

அப்போதுதான் கொழுந்துக்கு அழுகை வந்தது.

வழி காய்ந்ததும் மூன்று குட்டிகளையும் ஒவ்வொன்றாக வாயில் கவ்வி, மூன்று நடை நடந்து தன் வளைக்குக் கொண்டுவந்தாள். தவிடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குளத்தங்கரைக்குப் போனான்.

"என்ன பண்றீங்க?"

"இந்தச் சனியனைத் தண்ணியில போடறேன்!"

"அது என்னங்க பண்ணும்? அதுக்கு அக்கா தெரியுமா, தங்கச்சி தெரியுமா? கேட்டதைக் காட்டும்னு சொன்னான், காட்டிச்சு. ஒயரை அறுக்க வேண்டாம்னு நான்தான் சத்தமா சொல்லலை. ஒரு தடவை தப்பா வந்ததுக்குப் பயந்து மறுபடி கேட்கவும் இல்லை."

கொழுந்து வாழ்நாளில் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. தவிடன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதான்.

பிள்ளைகளே, பெரியவர்களே, நாம் கேட்டதைக் கொண்டுவரும் புது வழி ஒன்று கிடைத்துவிட்டது என்று, கேட்காமலே நம்மைக் கூப்பிடும் பழைய வழியை யாரிடமும் சொல்லாமல் அறுத்துவிடக் கூடாது. வேண்டியது எதுவோ வாங்குங்கள், ஆனால் ஒயரில் பல்லை வைப்பதற்கு முன்னால் அது வழியாக யார் யார் நம்மைத் தேடுவார்கள் என்று ஒரு தடவை நின்று... என்ன கண்ணு? இதோ, அம்மா வந்துட்டேன்!