இரவல் நாற்காலி

நான் சொன்னால் முன்னுக்குப் பின் முரணாக உளறிவிடுவேனோ என்று பயம்தான். இருந்தாலும் வடிவாம்பா கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாய்க்கால் கரையில் அவளுக்கு ஓர் ஓட்டைக் குடிசை. மழை வந்தால் இளைப்பு நோய்க்காரப் புருஷனை எங்கே படுக்கவைப்பது என்று தவிப்பாள். நகராட்சி கட்டிய வீடுகளை யாருக்கு முதலில் தருவது என்று மதிப்பெண் போட, அதிகாரி தணிகாசலம் வந்தார். வந்தவரைத் தரையில் உட்காரவைக்கலாமா? அக்கம்பக்கத்தில் நாற்காலியும் மேசை விசிறியும் இரவல் வாங்கி உபசரித்தாள். அவரோ, "நாற்காலி உண்டு, விசிறி உண்டு, வசதியான குடும்பம்" என்று எழுதி, அவள் பெயரைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்.

குறைதீர்க்கும் நாளில் வடிவாம்பா ஆணையர் முன்னால் போய் நின்றாள்.

"எல்லாம் இரவல் சாமான், சார்."

"அந்தக் கதையெல்லாம் வேண்டாம்மா. உன் வீட்டுக்குள்ளே நான் கண்ணால பார்த்ததெல்லாம் உன் சொத்துதான்," என்றார் ஆணையர் பக்கத்தில் நின்றிருந்த தணிகாசலம்.

"அப்படின்னா ஒண்ணை விட்டுட்டீங்களே சார். அந்த நாற்காலி மேலே அரை மணி நேரம் ஒரு அதிகாரி இருந்தாரே, அவரையும் என் பேர்ல எழுதுங்க. நாளையிலேருந்து எனக்குத் தண்ணி பிடிக்க ஆள் ஆச்சு. உங்க வீட்டம்மாகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க."

ஆணையர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. "மறுபடி போய்ப் பார்த்து எழுதுங்க தணிகாசலம். இல்லேன்னா குடத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

மறுநாள் வந்தவர், கூரை ஓட்டையை அண்ணாந்து பார்த்து, நின்றபடியே எழுதி, அவள் பெயரை முதல் வரிசையில் சேர்த்தார். அவர் கையெழுத்துப் போட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைக்கும்வரை பொறுத்திருந்தாள் வடிவாம்பா. அதன் பிறகுதான் பக்கத்து வீட்டிலிருந்து காப்பி வரவழைத்தாள்.