சுவரளவு கார்

அருங்காட்சியகக் குழுத் தலைவர் திருவேங்கடநாதனுக்குத் தன் நிழல் மேலேயே சந்தேகம். பிரிண்ட் போடும் இசக்கியம்மாளையா நம்பிவிடுவார்? உள்ளங்கையளவு பழைய போட்டோ ஒன்றை நீட்டினார். அதில் அவருடைய பூட்டனார் காரில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"மாவட்டத்துக்கே முதல் கார். அப்படின்னு கீழே எழுதி, சுவர் முழுக்க வரணும். மீசை முடியை எண்ணிப் பார்க்கிற மாதிரி இருக்கணும். இல்லைன்னா இங்கே இனிமே உனக்கு வேலை கிடையாது."

ஸ்கேன் செய்த இசக்கியம்மாள் திரையில் படத்தின் கீழ்ப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஐயா, கீழ்ப் பக்கம் கொஞ்சம் வெட்டிரட்டுமா?"

"வெட்டுற சாக்குல ஷீட்டை மிச்சம் பிடிக்கப் பாக்கியா? ஒரு புள்ளி குறையக் கூடாது."

"அதை எழுதிக் குடுத்திருங்க ஐயா."

எழுதிக் கொடுத்தார். அச்சாகி முடியும்வரை நாற்காலி போட்டுக் காவலும் இருந்தார். ஆனால் படத்தைப் பார்க்கவில்லை, அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திறப்பு விழாவில் திரை விலகியது. மீசை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. கூடவே, காருக்கு முட்டுக் கொடுத்த செங்கல்லும், அட்டைச் சக்கரத்தில் அடித்த ஆணியும், பூட்டனார் உட்கார்ந்திருந்த முக்காலியின் கால்களும் தெரிந்தன. போட்டோ ஸ்டுடியோவில் நிறுத்தி வைத்த அட்டைக் கார் அது. கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"என்ன பண்ணி வச்சிருக்க?" என்று தலைவர் பல்லைக் கடித்தார்.

இசக்கியம்மாள் அவர் எழுதிய தாளை நீட்டினாள்.

"ஒரு புள்ளி குறையலை ஐயா. வேணும்னா கீழே இருக்கிற வாசகத்தை மாத்திரலாம்."

"என்னன்னு?"

"பெட்ரோலே கேட்காத முதல் கார்னு."