வீரணன் கடனும் நாச்சியின் பசுவும்

அரசர்கள் யானைமேல் ஊர்வலம் போன காலத்தில், கேளுங்கள், நெல்லியந்துறை என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்கு நாச்சி என்றொரு பெண் தன் பசுவை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவள் பிறந்த ஊரை ஆற்று வெள்ளம் கொண்டுபோயிருந்தது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, மிச்சம் அந்தப் பசு ஒன்றுதான்.

ஊரின் கடைசித் தெருவில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. வீரணன் என்பவன் வாடகைக்குக் குடியிருந்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட வீடு. ஊர்ச்சபையார் அதை நாச்சிக்கு வாடகைக்கு விட்டார்கள். அவள் தரையை மெழுகினாள், வாசலில் கோலமிட்டாள், மோர் விற்றுப் பிழைக்கத் தொடங்கினாள்.

ஒரு நாள் காலையில் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் இரண்டு ஆட்கள். ஒருவன் பேசினான். மற்றவன் வாயே திறக்கவில்லை; அவள் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் பார்த்துக்கொண்டே நின்றான்.

"வீரணன் எங்கே?"

"தெரியாது அண்ணே. நான் வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார்."

"அவன் வீட்டில் இருக்கிற உனக்கு அவன் போன இடம் தெரியாதா? நாங்கள் தருமசீலரின் ஆட்கள். அவன் வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது."

தருமசீலர் அந்த ஊரில் வட்டிக்குக் கொடுப்பவர். அவர் பெயரைச் சொல்லும்போது ஊரே குரலைத் தாழ்த்திக்கொள்ளும். நாச்சி, இவர்களை அனுப்பிவிட்டால் போதும் என்று, உறியிலிருந்த நெய்க் கலயத்தை எடுத்து நீட்டினாள்.

"இதை வைத்துக்கொண்டு போங்கள். இனி இங்கே வராதீர்கள்."

வாங்கிக்கொண்டு போனார்கள். போகும்போது அந்தப் பேசாதவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் வந்தார்கள். "வட்டி எங்கே?" என்றான் பேசுகிறவன்.

"எந்த வட்டி?"

"போன முறை நெய்யாகக் கொடுத்தாயே, அதுதான். சம்பந்தம் இல்லாதவள் வட்டி கட்டுவாளா? நீ வீரணனின் தங்கைதானே?"

இல்லை என்றாள். சத்தியமாக இல்லை என்றாள். பசுவின் மேல் ஆணையாக இல்லை என்றாள். அவர்கள் பரண் மேல் ஏறிப் பார்த்தார்கள், குதிருக்குள் கையை விட்டுத் துழாவினார்கள், கொல்லையில் கிடந்த வைக்கோல் போரைக் கம்பால் குத்திப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து தெருவும் மாறிப்போனது. நாச்சி கொஞ்சம் கூடுதலாக அரிசி வாங்கினால், "யாருக்காம்?" என்றார்கள். அவள் இருமினால், "உள்ளே ஆண் குரல் கேட்டதாமே" என்றார்கள். நாச்சிக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. மோர் வாங்க வந்தவள் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றுவிட்டால், இவளை யார் அனுப்பினார்களோ என்று நினைப்பாள்.

மூன்றாம் முறை வந்தவர்கள் எதையும் கேட்கவில்லை. நேராகத் தொழுவத்துக்குப் போய்ப் பசுவை அவிழ்த்தார்கள். "நாளைக்குள் முழுக் கடனையும் கட்டு. இல்லையென்றால் இது சந்தைக்குப் போகும்."

வெறுங் கட்டுத்தறியின் பக்கத்தில் உட்கார்ந்து நாச்சி அழுதாள். அழுது முடித்தபோது அவள் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. ஓட்டை வீட்டில் வாடகைக்கு இருந்த மனிதனுக்கு, பசுவை அவிழ்க்கிற அளவுக்குப் பெரிய தொகையை எதை நம்பிக் கொடுத்தார் தருமசீலர்?

பக்கத்து வீட்டுச் சடைச்சியிடம் போய்க் கேட்டாள். சடைச்சி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "ஆற்றோரம் அவனுக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அதைத்தான் அடகு வைத்தான். இப்போது காய் பறிக்கிறவர் தருமசீலர். நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே, தாயே."

மறுநாள் காலையிலேயே கோயில் மண்டபத்தில் சபை கூடியது. நாச்சி முறையிட்டாள். தருமசீலர் பூப்போன்ற குரலில் பதில் சொன்னார்: "இவள் வீரணனின் கூடப்பிறந்தவள். அண்ணன் கடனுக்கு வட்டியும் கட்டியிருக்கிறாள். நான் வேறென்ன சொல்ல? சபையே நியாயம் சொல்லட்டும்."

சபை நடுவர் நாச்சியைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. ஒரு முகத்தில்கூட நம்பிக்கை இல்லை.

"ஐயா, இல்லை இல்லை என்று சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது" என்றாள் நாச்சி. "இவர் சொல்கிறபடியே வைத்துக்கொள்வோம். நான் தங்கை என்றால் அண்ணன் கடன் என்னைச் சேரும். அப்படியானால் அண்ணன் அடகு வைத்த தென்னந்தோப்பும் என்னைத்தானே சேரும்? பசுவை இவரே வைத்துக்கொள்ளட்டும். தோப்பையும், இதுவரை பறித்த காய்க்குக் கணக்கையும் என்னிடம் கொடுக்கட்டும்."

தருமசீலர் துள்ளி எழுந்தார். பூப்போன்ற குரல் எங்கோ போய்விட்டது.

"தோப்பா? இவளுக்கு ஏது தோப்பு? வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்தவள் இவள்! வீரணனைக் கண்ணால்கூடக் கண்டதில்லை! எனக்குத் தெரியாதா?"

சொன்னது என்ன என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

"தெரியும், இல்லையா?" என்றார் நடுவர். "தெரிந்துதான் பசுவை அவிழ்க்கச் சொன்னீர்கள்."

பசுவைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். நெய்க்கும் விலை கொடுக்கச் சொன்னார்கள். தோப்பின் காய்களைக் கணக்குப் பார்த்தபோது, வீரணன் கடன் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. தோப்பைச் சபையே பொறுப்பில் எடுத்துக்கொண்டு, நாலு திசைக்கும் அவனுக்குச் சொல்லி அனுப்பியது. அவன் வந்தானா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

பசுவைக் கொண்டுவந்து விட்டபோது அதன் மடி பால் கட்டிக் கனத்திருந்தது. முந்தின நாளிலிருந்து யாரும் கறக்கவில்லை. நாச்சிக்கு வீடுவரை போகக்கூடப் பொறுக்கவில்லை. மண்டபத்து வாசலிலேயே, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, கோயில் செம்பை வாங்கி வைத்துக் குந்தி உட்கார்ந்து கறந்தாள். அவசரத்தில் பாதிப் பால் மண்ணில் விழுந்தது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு கலைந்து போனார்கள்.

ஆகையால் கேட்டவர்களே, நமதல்லாத கடனுக்குப் பயந்து ஒரு துளி கொடுத்தாலும் அது நம் கடனாகிவிடும். மிரட்டி வருகிறவனிடம் கொடுப்பதற்கு முன்னால் ஊரறியக் கேள்வி கேட்க வேண்டும்.