உப்புத் தேநீர்

"இன்னும் என்னதான் வேணும் மேடம் உங்களுக்கு?"

கேட்டவர் இருதயராஜ். ஆறு வருஷமாக முனைவர் பட்டத்துக்கு அலைகிறவர். பதில் சொல்ல வேண்டியவர் அவருடைய நெறியாளர், பேராசிரியர் தையல்நாயகி. வயதில் இருதயராஜைவிடச் சின்னவர்.

"இயற்பியல் இருக்கு. பொறியியல் இருக்கு. வடிவமைப்பு இருக்கு. அரசாங்கத்துக்குப் பரிந்துரைன்னு தனி அத்தியாயமே இருக்கு. நாலு துறைக்காரங்களும் பார்த்துட்டாங்க, ஒருத்தரும் குறை சொல்லலை. சமர்ப்பிக்க இன்னைக்குக் கடைசி நாள். ஒரு கையெழுத்துதானே கேக்கறேன்?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று இருதயராஜுக்குத் தோன்றியது.

ஆய்வு, மின்சாரம் தின்னாமல் வெயிலைத் தாங்கும் மலிவு வீட்டைப் பற்றியது. ஆற்றங்கரைக் குடிசைகளைக் காலிசெய்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்த ஜனங்களுக்காக, அவர் வரைந்த வரைபடத்தின்படியே ஒரு குடியிருப்பு எழும்பியும்விட்டது. இந்த ஆய்வுக்குப் பட்டம் கிடைத்தால் வீட்டுவசதி வாரியம் இனிமேல் கட்டப்போகிற அத்தனை குடியிருப்பும் அதே அச்சுதான்.

தையல்நாயகி பேனாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேர் வீடு சௌகரியமா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. அப்படியா இருதயராஜ்?"

"ஆமா மேடம்."

"கல்யாணச் சாப்பாட்டைக்கூட நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேர் நல்லா இருக்குன்னு சொல்லமாட்டாங்களே."

"வீடு வீடா ஏறிக் கேட்டேன். வாரியத்து இன்ஜினியர், அந்த ஏ.இ. சார், ஜீப்லயே கூட்டிட்டுப் போனார். கூடவே நின்னார். ஒரு வீட்டுக்காரங்ககூடப் பதில் சொல்லமாட்டேன்னு சொல்லலை."

தையல்நாயகி நான்காம் அத்தியாயத்தைப் பிரித்து ஒரு புகைப்படத்தைக் காட்டினார். மூன்றாவது மாடிப் படிக்கட்டு. சுருட்டி வைத்த பாய்கள், தலையணைகள். கைப்பிடிக் கம்பியில் ஒரு தூளி கட்டியிருந்தது.

"இது என்ன?"

"எல்லாரும் அங்க கூடிப் பேசுவாங்க மேடம். படிக்கட்டை அகலமா வச்சதாலதான். அதுக்குக் கீழயே எழுதியிருக்கேன் பாருங்க, படிக்கட்டு சமூக உறவை வளர்க்கிறதுன்னு."

தையல்நாயகி வெகுநேரம் அந்தத் தூளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"டீ குடிக்கிறீங்களா?"

மூலையில் மின்கெட்டில் இருந்தது. திரும்பி நின்றபடியே கலந்து, ஒரு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார்.

இருதயராஜ் ஒரு வாய் உறிஞ்சினார். உப்பு. ஒரு கை உப்பு. துப்பலாமா என்று நினைத்தபோது மேஜைமேல் கையெழுத்துக்காகக் கிடந்த சான்றிதழ்த் தாள் கண்ணில் பட்டது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மேடம்."

"சர்க்கரை?"

"சரியா இருக்கு."

"அப்போ முழுசாக் குடிங்க."

பேதி மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

தையல்நாயகி பேனாவைத் திறந்தார். சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். முத்திரையும் குத்தி அவர் பக்கம் தள்ளினார்.

இருதயராஜ் அதை இரண்டு கையாலும் எடுத்தார். ஆறு வருஷம். தாளை உறையில் வைத்து, உறையைப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.

"இப்பச் சொல்லுங்க. டீ எப்படி இருந்துச்சு?"

அவர் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"மன்னிச்சிருங்க மேடம். வாயில வைக்க முடியலை. ஒரே உப்பு."

"குடிக்கும்போது சொல்லலையே?"

"எப்படிச் சொல்றது? அப்போ கையெழுத்து உங்க கையிலதானே இருந்துச்சு?"

தையல்நாயகி வேறொன்றைக் கேட்டார்.

"அந்தக் குடியிருப்புக்காரங்க கைக்கு வீட்டு ஒதுக்கீட்டு ஆணை வந்திருச்சா?"

"இன்னும் வரலை மேடம். ஏ.இ. சார்தான் யார் யாருக்குன்னு எழுதி அனுப்..."

பேச்சு பாதியில் நின்றுவிட்டது.

மேல்மாடியில் ஒரு பெண் பதில் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. இடுப்பில் குழந்தை. அதன் கழுத்தெல்லாம் வேர்க்குரு. வீடு எப்படிம்மா இருக்கு என்று இவர்தான் கேட்டார். அவள் இவரைப் பார்க்கவில்லை. இவர் தோளுக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "குளுகுளுன்னு இருக்கு சார், அப்படியே எழுதிக்கோங்க" என்றாள். இவரும் அப்படியே எழுதிக்கொண்டார். எழுதும்போது வியர்வையில் இவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

வெட்கத்தில் இருதயராஜுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"மேடம், இப்ப நான் என்ன செய்யணும்?"

தையல்நாயகி காலி டம்ளரை எடுத்துக் குழாயடியில் கழுவத் தொடங்கினார்.

"ஆபீஸ் அஞ்சு மணிக்கு மூடிருவாங்க. கொடுக்கறதுன்னா இப்பவே கிளம்புங்க."