காதுக்கு ஒரு பக்கம்

"டீச்சர், இதுல எதை எடுக்க?"

நயினார் தன் மடிக்கணினியை ரெஜினா டீச்சர் பக்கம் திருப்பி வைத்தார்.

வலைப்பக்கம் செய்கிற மென்பொருள்கள் வரிசையாகத் திறந்து கிடந்தன. ஒன்றில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டால் போதும். ஒன்றில் பக்கங்கள் புத்தகம் போலவே புரளும். இன்னொன்று, வேண்டியதை வாயால் சொன்னாலே செய்து தந்துவிடும்.

"ஒண்ணுல செஞ்சா இன்னொண்ணு நல்லாயிருக்க மாதிரி தோணுது. முழி பிதுங்குது, டீச்சர்."

ரெஜினா பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் நயினாருக்கு அவர் டீச்சர்தான். பாளையங்கோட்டைக்கு இன்டர்நெட் டெலிபோன் கம்பி வழியாகக் கீச்சிட்டுக்கொண்டு வந்த நாளில், இதே மாடி அறையில்தான், நோட்பேடில் வலைப்பக்கம் எழுதக் கற்றுக்கொடுத்தார். பச்சைப் பின்னணி. நடுவில் நயினாரின் பெயர். கீழே ஒரு ரோஜாப்பூ. அந்தப் பூ மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி முடிக்கும்வரை அறையே மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப இந்தத் தொல்லையே இல்ல," என்றார் நயினார். "நோட்பேடை விட்டா வேற கிடையாது."

"இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க."

நயினார் சொன்னார். அவர் படித்த கல்லூரி விடுதியில் நண்பர்கள் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். ஆளாளுக்குக் கிறுக்கிக் கொடுப்பதை எல்லாம் சங்கரபாண்டிதான் நீல மையில் அழகாக எழுதுவான். ஒரே பிரதி. அறை அறையாகக் கை மாறிப் போய், குழம்புக் கறையோடு திரும்பி வரும்.

"அத்தனையும் ஸ்கேன் பண்ணிட்டேன். இதைப் பாருங்க."

பக்கம் புரண்டது. காகிதம் சரசரக்கும் ஓசைகூட வந்தது. முத்து முத்தான எழுத்து.

"ரொம்ப அழகு," என்றார் ரெஜினா. "சங்கரபாண்டி பாத்தாச்சா?"

நயினாரின் குரல் இறங்கிவிட்டது.

"அவனுக்குச் சர்க்கரையில பார்வை போயிட்டு, டீச்சர். பேப்பர், மெசேஜ் எல்லாத்தையும் போன்தான் வாசிச்சுக் காட்டுது. அவன் பிறந்தநாளுக்கு அனுப்பலாம்னுதான் இதையே ஆரம்பிச்சேன்."

ரெஜினா எழுந்தார். அந்தப் பக்கத்தைத் தன் கணினியில் திறந்தார். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை ஓடவிட்டார். ஹெட்போனை நயினார் காதில் மாட்டினார்.

பிறகு மானிட்டரை அணைத்தார்.

"கேளுங்க."

"படம்," என்றது இயந்திரக் குரல்.

நயினார் காத்திருந்தார்.

"படம். அடுத்து, பொத்தான். படம்."

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே?"

ரெஜினா டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணுல செஞ்சது இருக்கு. அதைப் போடுங்க."

போட்டார்.

"படம்."

"அந்த மூணாவது?"

"படம். படம்."

நயினார் ஹெட்போனைக் கழற்றினார்.

"அவன் கையெழுத்து, டீச்சர். அதைக் காட்டணும்னுதான்..."

"ஸ்கேன் வெறும் படம்தான். எழுத்தா அடிச்சு வச்சாத்தான் இது வாசிக்கும்."

ரெஜினா மானிட்டரைப் போட்டார். கீபோர்டை நயினார் பக்கம் நகர்த்தி வைத்தார்.

முன்னால் எந்த மென்பொருள் திறந்திருந்ததோ, அதிலேயே நயினார் பத்திரிகையை முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தார்.

தினமும் வேலை முடிந்ததும் மாடியேறி வந்தார். ஒரு விரலால் அடித்தார். ஒரு கவிதையை அடிக்கும்போது விழுந்து விழுந்து சிரித்தார். மேகநாதன் எழுதிய கட்டுரை வந்தபோது விடுதிச் சாப்பாட்டு மேசையில் அதற்காக இருவரும் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டது ஞாபகம் வந்து, வெகுநேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேகநாதன் இப்போது இல்லை.

ஒவ்வொரு ஸ்கேனுக்குள்ளும் ஒரு வரி சேர்த்தார். அங்கே வரும்போது இயந்திரம், "சங்கரபாண்டியின் கையெழுத்து, நீல மை," என்று சொல்லும்.

பிறந்தநாளன்று இணைப்பை அனுப்பினார். அன்று பதில் இல்லை.

மறுநாள் காலை சங்கரபாண்டியின் போன் வந்தது.

"ஏல நயினாரு, சைக்கிளை ஆத்துப் பாலத்துல விட்டுட்டுப் பஸ்ல ஏறிப் போறவன் கதை ஒண்ணு இருக்குல்லா?"

"ஆமா."

"யாரு எழுதுனது? பேரே சொல்ல மாட்டேங்குது."

"அதுல பேரே போடலியே. எதுக்குக் கேக்க?"

"ராத்திரி ரெண்டு தடவை கேட்டேன். அவன் திரும்பி வருவானா மாட்டானான்னு மனசு கெடந்து அடிச்சுக்கிட்டு. யாருல அது?"

"நீதாம்ல."





"நெசமாவா?"

"பொய்யா சொல்லுதேன்? பரீட்சைக்குப் படிக்காம எழுதுன கதைல்லா அது."

சங்கரபாண்டி போனை அணைக்காமலே கீழே வைத்தது கேட்டது. நாற்காலி இழுபட்டது. அவன் மனைவியைக் கூப்பிடும் குரல், தூரத்தில்.

"ஏட்டி, அடுப்பை அணைச்சுட்டு இங்க வா. ஒண்ணு கேளு."

இயந்திரக் குரல் கதையை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கியது.